தள்ளி நின்ற கொம்பு: சென்னையில் ஒரு டிசைனருக்கு வேலை வந்த வழி

இந்த ஆய்வுக்கு மூலம் ஒரு எக்செல் ஷீட். சிவகாசியிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு டிசைனர், 2023 பிப்ரவரி முதல் 2024 டிசம்பர் வரை வேலை கேட்ட ஒவ்வொரு இடத்தையும் அதில் குறித்து வைத்திருந்தான். தேதி, எந்த இடம், யார் மூலம், என்ன ஆச்சு, எவ்வளவு, பணம் வந்த தேதி என்று ஆறு கட்டம். பெயர் போட வேண்டாம் என்றான். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவன் என்பதால் தம்பி என்றே எழுதுகிறேன்.

ஷீட்டின் 37-ஆவது வரியில் என் அலுவலகமும் இருக்கிறது. எதிரே "பதில் இல்லை". ராயப்பேட்டையில் மூன்று பேரை வைத்து ஒரு சின்ன டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறேன். அந்த மெயிலைத் தேடிப் பார்த்தேன். வந்திருக்கிறது, திறந்தும் பார்த்திருக்கிறேன். ஏன் பதில் போடவில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

கையில் இருந்ததும் ஒளித்து வைத்ததும்

தம்பி பி.காம். முடித்தவன். டிசைன் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பதினேழு வயதில் தெருமுனை டிடிபி சென்டரில் கோரல்டிரா கற்றுக்கொண்டு, ஐந்து வருடம் சிவகாசியில் காலண்டர் வேலை பார்த்தான். அங்கே ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள்; அதற்கு முந்தைய மாதங்களில் டிசைன் அறையில் ராத்திரி பகல் கிடையாது. மார்கழியோடு அச்சு முடியும். பொங்கல் கழிந்தால் கை காயும். அப்படிக் கை காய்ந்த ஒரு தை மாதத்தில், 60,000 ரூபாய் சேமிப்போடு திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் வந்து இறங்கினான்.

முதல் காரியமாக, ஆப், இணையப் பக்கங்களின் திரையை வடிவமைக்கக் கற்றுத் தரும் மூன்று மாத யுஐ கோர்ஸில் 45,000 கட்டினான். வேலைக்கு உத்தரவாதம் என்று போர்டு வைத்திருந்த இடம். அங்கே அவனுடைய காலண்டர்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் லோக்கல், போர்ட்ஃபோலியோவில் வைக்காதே" என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் எடுத்துவிட்டான். பதிலுக்கு, டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் மூன்று புராஜெக்ட் ஏறின. ஒரு உணவு டெலிவரி ஆப்பின் மறுவடிவம், ஒரு காபி பிராண்டு, ஒரு விமான நிறுவனத்தின் டிக்கெட் பக்கம். மூன்றும் கற்பனை.

நான் பதில் போடாததற்குக் காரணம் இதுதான். அந்த வருடம் எனக்கு வந்த மெயில்களில் பாதிக்கு மேல் அதே உணவு டெலிவரி ஆப்தான். அதே சாம்பல் பின்னணி, அதே சாய்த்து வைத்த போன் படம். யாருடையது யாருடையது என்று பிரித்தே பார்க்க முடியவில்லை.

அவன் ஒளித்து வைத்ததை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல். தினசரி காலண்டர் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். உள்ளங்கை அகலத்தில் ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், ஹிஜ்ரி தேதி, நட்சத்திரம், திதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் பாட்டி, சுவருக்கு இரண்டடி தள்ளி நின்று ராகு காலத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். இப்படி 365 தாள், ஒன்றில்கூடத் தப்பு வரக் கூடாது. இதைச் செய்தவன் தகவலை அடுக்கத் தெரிந்தவன். அந்தத் தாளை எனக்கு அனுப்பியிருந்தால் அன்றே கூப்பிட்டிருப்பேன். கூப்பிட்டிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

112 வரிகள்

2024 ஜனவரி முடிய 112 விண்ணப்பங்கள். நௌக்ரி, லிங்க்டுஇன், இன்டர்ன்ஷாலா, நேரடி மெயில் எல்லாம் சேர்த்து. பதில் வந்தவை 14. டெஸ்ட் கொடுத்தவர்கள் ஆறு பேர். நேர்முகம் மூன்று. வேலை கொடுக்கிறோம் என்றவர் ஒருவர்.

அந்த ஒருவரும் மாதம் 15,000 சம்பளம், ஒரு வருடத்துக்கு ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை அலுவலகத்தில் கொடுத்து வைக்க வேண்டும் என்றார். தம்பி எழுந்து வந்துவிட்டான். சேமிப்பு கரைந்து, காலையில் டீயும் பொறையுமாக ஓட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இருந்தும் நல்ல முடிவு.

டெஸ்ட் விவகாரம் இன்னும் மோசம். ஒரு நிறுவனம் தீபாவளிக்கு சமூக வலைதளத்தில் போட 12 போஸ்ட் செய்து வரச் சொன்னது. நான்கு நாள் உட்கார்ந்து செய்து அனுப்பினான். பதில் இல்லை. தீபாவளி வாரத்தில் அவற்றில் இரண்டு, நிறம் மாற்றி, அவர்கள் பக்கத்திலேயே வந்தன. கேட்டால், "ரூபாய்க் குறியீடே போட்டி வைத்து எடுத்ததுதானே தம்பி" என்று சிரித்திருக்கிறார் அங்கிருந்த ஒருவர். 2010-இல் உதயகுமார் வடிவமைத்த குறியீடு தேர்வானது போட்டியில்தான். ஆனால் அதில் விதிகள் முன்பே அறிவிக்கப்பட்டன, வென்றவருக்கு 2.5 லட்சம் பரிசு உண்டு. 12 போஸ்ட்டை ஓசியில் வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் இருப்பதற்கு வேறு பெயர்.

டெஸ்ட் என்றால் ஒரு போஸ்ட், ஒரு பக்கம், அதற்கு மேல் கிடையாது என்று அப்புறம் ஷீட்டின் தலையிலேயே சிவப்பில் எழுதி வைத்துக்கொண்டான்.

சின்னச் சின்ன வேலைகளை ஆன்லைனில் விற்கும் ஃபைவர் தளத்திலும் கணக்கு திறந்தான். ஐந்து டாலர் வேலையில் தளம் 20 சதவீதம் எடுத்துக்கொண்டு நான்கு டாலர் தரும். ஒரே ஒரு லோகோ வந்தது, ஏழு முறை திருத்தம். அதோடு விட்டுவிட்டான்.

இதற்கு நடுவே சோற்றுக்கு வழி செய்தது ஷீட்டில் அவன் முதலில் எழுதவே எழுதாத ஒன்று. மேன்ஷனில் பக்கத்து அறைக்காரர் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் வேலை பார்த்தார். அந்தத் தெரு முழுக்கக் காகிதக் கடையும் பத்திரிகைக் கடையும்தான். அவர் மூலம் ஒரு பத்திரிகைக்கு 400 ரூபாய் வீதம் டிசைன் வேலை வந்தது. "அதை ஏன் எழுதல?" என்று கேட்டேன். "அது வேலைன்னு தோணலண்ணே" என்றான்.

பிரஸ்ஸில் ஒரு ராத்திரி

அந்தப் பத்திரிகைகள் அச்சானது திருவல்லிக்கேணியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில். முதலாளி விருதுநகர்ப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. 2024 பிப்ரவரியில் ஒரு நாள், ராத்திரி ஒன்பது மணி இருக்கும், பத்திரிகை புரூஃப் வாங்கப் போன தம்பி, ஆபரேட்டரின் மானிட்டரில் வேறொரு வேலையைப் பார்த்தான். ஒரு மருத்துவமனையின் 16 பக்கக் கையேடு, ஆங்கிலமும் தமிழும். பெங்களூரு ஏஜென்சி ஒன்றிலிருந்து வந்த பிடிஎஃப். பிளேட், அதாவது அச்சுத் தகடு, போடத் தயாராக இருந்தது.

தலைப்பு "பெண்கள் நலம்". ப-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு ஓரெழுத்து தள்ளிப்போய் ண-வுக்கு முன்னால் நின்றது. படித்தால் ப, ணெ, கள் என்று ஏதோ வந்தது. கீழே "சிகிச்சை" என்பதில் ஐகாரக் கொம்பு சொல்லுக்கு வெளியே அனாதையாகத் தொங்கியது. பதினாறு பக்கமும் இப்படியே.

"அண்ணாச்சி, இதை ஓட்டிறாதீங்க."

"ஏன்டா, பார்ட்டி அப்ரூவல் குடுத்துட்டாங்களே."

"பார்ட்டிக்குத் தமிழ் தெரியாது போல."

என்ன நடந்திருக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிய கதை. இப்போது போனிலும் கணினியிலும் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ப முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான அடோபியின் இன்டிசைனில் அதற்கு வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண கம்போசரில் விட்டால் சேமித்த வரிசையிலேயே எழுத்துகளைக் கொட்டிவிடும். பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் ப-வை அடிப்போம், அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வாடிக்கையாளர் இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புவதெல்லாம் யூனிகோட். பழையதில் வேலை செய்கிறவர் என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு மாற்றித்தான் ஆக வேண்டும். இரண்டு உலகத்தையும் தெரிந்தவர்கள் சென்னையில் நினைக்கிற அளவுக்கு இல்லை.

அண்ணாச்சி ஏஜென்சிக்குப் போன் போட்டு மூல ஃபைலை வாங்கினார். தம்பி அங்கேயே உட்கார்ந்தான். கம்போசரை மாற்றியதும் கொம்புகள் ஓடிவந்து இடத்தில் நின்றுவிட்டன, அது இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை தொடங்கியது. தமிழ் சரியானதும் வரிகள் நீண்டு பெட்டியை விட்டு வழிந்தன. ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளியில், மேல் வரியின் நூவும் கூவும் கீழே இறங்க, கீழ் வரியின் கீயும் றீயும் மேலே சுழிக்க, ஒன்றோடொன்று முட்டின. எழுத்துருவை முக்தா மலருக்கு மாற்றினான், எழுத்தளவில் அரைப் பாயின்ட் குறைத்தான், இடைவெளியைக் கூட்டினான், நீண்ட சொற்களை எங்கே உடைத்தால் பொருள் கெடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். சின்ன எழுத்துகள் நான்கு நிறம் கலந்த கறுப்பில் இருந்ததையும் ஒற்றைக் கறுப்புக்கு மாற்றினான். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் கொஞ்சம் ரெஜிஸ்டர் விலகினாலும் எழுத்து நிழலாடும் என்பது சிவகாசிப் பையனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முடிக்கும்போது மணி ஒன்றரை. அண்ணாச்சி 2,000 ரூபாய் கொடுத்துவிட்டு, "எங்க படிச்ச?" என்று கேட்டார்.

"படிக்கல அண்ணாச்சி. காலண்டர் போட்டேன்."

ஷீட்டில் அந்த வரியின் "யார் மூலம்" கட்டத்தில் "சும்மா நின்னேன்" என்று எழுதியிருக்கிறான்.

அதற்குப் பிறகு

மூன்று நாள் கழித்து பெங்களூரு ஏஜென்சிக்காரரே பிரஸ்ஸுக்குப் போன் செய்து, திருத்தியது யார் என்று கேட்டிருக்கிறார். மார்ச்சில் முதல் வேலை வந்தது. விளம்பரத் தொழிலில் இதற்கு அடாப்டேஷன் என்று பெயர். மூல டிசைன் மும்பையிலோ பெங்களூருவிலோ ஆங்கிலத்தில் தயாராகும், தமிழுக்கு மாற்றுவது கடைசிக் கட்டம். கடைசிக் கட்டம் என்பதால் அதற்கென்று ஆள் எடுக்க மாட்டார்கள், விளம்பரமும் போட மாட்டார்கள். தேவை தெரியவருவதே ராத்திரி ஒன்பது மணிக்கு, பிளேட் போகும் முன்னால், பிரஸ்ஸில்தான்.

2024 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை தம்பி எடுத்த தனி வேலைகள் 41. நூல் பிடித்துப் போனால் 26 வேலைகள் அந்தப் பிரஸ்ஸில் போய் முடிகின்றன. ஆறு ஆண்டர்சன் தெருக் கடையில். ஐந்து, கோபித்துக்கொண்டு அனுப்பிய பழைய சிவகாசி முதலாளி கொடுத்தது. லிங்க்டுஇன்னில் மூன்று, ஃபைவரில் மறுபடி ஒன்று. 112 விண்ணப்பங்களிலிருந்து பூஜ்யம்.

விண்ணப்பம் போடுவதே வீண் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. தரமணி, பெருங்குடி ஐடி கம்பெனிகளில் யுஐ வேலைக்கு ஆள் எடுப்பது அந்த வழியில்தான். என்னிடம் இருந்த ஒரு பெண் அப்படித்தான் போனாள். தம்பி விஷயத்தில் கோளாறு எங்கே என்றால், தன்னிடம் இல்லாத அனுபவத்துக்குப் போர்ட்ஃபோலியோ செய்து, அந்த அனுபவம் உள்ளவர்களோடு வரிசையில் நின்றான்.

இந்த ஊர் வேலைக்குப் பருவம் உண்டு என்பதையும் அவன் இரண்டாம் வருடத்தில்தான் பிடித்தான். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி, கல்லூரி அட்மிஷன் நோட்டீஸ். ஆனி பிறக்கும் முன்பே தி.நகர் துணிக்கடைகளின் ஆடித் தள்ளுபடி. அது தீர்ந்த கையோடு தீபாவளி. ஐப்பசியிலிருந்து பதிப்பாளர்கள் அட்டைப் படத்துக்கு ஆள் தேடுவார்கள், ஏனென்றால் 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஜனவரியில் புத்தகம் கைக்கு வந்தாக வேண்டும். முகூர்த்த மாதங்களில் பத்திரிகை. முதல் வருடம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் போய்க் கடைகளில் வேலை கேட்டிருக்கிறான். அப்போது எல்லாம் அச்சாகி ஒட்டியாயிற்று.

நல்ல மாதம் 70,000 வரை போனது. மோசமான மாதம் 11,000. ஜூனில் அந்த 11,000 வந்தபோது ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பை கட்டியிருக்கிறான்.

ஓப்பன் ஃபைல்

வேலை வருவது ஒரு பாடு, காசு வருவது இன்னொரு பாடு. ஷீட்டின் கடைசிக் கட்டம் அதைத்தான் சொல்கிறது.

பழைய மகாபலிபுரம் சாலையில் புதிதாகத் திறக்க இருந்த ஒரு பிரியாணிக் கடை. லோகோவும் மெனு கார்டும் 18,000 என்று பேச்சு, முன்பணம் 5,000. மூன்று மாதிரி செய்து ஜேபெக்காக வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இரண்டாவதற்கு "சூப்பர்" என்று பதில், கூடவே தீப்பொறி பொம்மை. அதற்குப் பிறகு நாற்பது நாள் மௌனம். போன் எடுத்தால் "அடுத்த வாரம் தம்பி".

ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு அவரே அழைத்தார். மறுநாள் கழித்துத் திறப்பு விழா. போர்டு அடிக்கிறவர் அக்ரிலிக் எழுத்து வெட்ட ஓப்பன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல், கேட்கிறார், ஜேபெக் ஆகாதாம். தம்பி, "மீதியைப் போட்டுட்டு ஒரு மெசேஜ் பண்ணுங்க சார், உடனே அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பன்னிரண்டு நிமிடத்தில் ஜிபேயில் 13,000 விழுந்தது. ஷீட்டில் முதன்முதலாகப் பச்சை அடித்த வரி அது.

இதை அவன் பெரிய தந்திரமாகச் சொல்கிறான். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஜேபெக்கின் மேலேயே கோடு வரைந்து டிரேஸ் எடுக்கத் தெரிந்த போர்டுக்காரர் மாட்டியிருந்தால் அந்த 13,000 போயிருக்கும். சட்டம் அவன் பக்கம்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வரைந்தது முதலாளிக்குச் சேரும். தனியாக எடுத்துச் செய்பவர் வரைந்த லோகோவின் உரிமை, எழுத்தில் மாற்றித் தரும்வரை பொதுவாக அவரிடமே இருக்கும். ஆனால் 13,000 ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்குப் போவது? அதனால் கொட்டேஷனில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். பாதிப் பணம் முன்னால். முழுப் பணம் வந்த பிறகே ஓப்பன் ஃபைலும் உரிமையும். இப்போது எல்லாக் கொட்டேஷனிலும் அது இருக்கிறது, எழுத்துப் பிழையில்லாமல்.

கம்பெனிகளோடு சிக்கல் வேறு மாதிரி. கொடுக்க மாட்டார்கள் என்றில்லை, எழுபது நாள், தொண்ணூறு நாள் ஆகும். ஆகஸ்டில் தம்பி மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொண்டான். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் அது போலித் தளம். எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு செய்த சிறு, குறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். இது 2006-லிருந்தே இருக்கிற சட்டம், யாரும் பெரிதாக மதித்ததில்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் கணக்குக் காட்ட முடியாது என்று வருமான வரியில் ஒரு முடிச்சுப் போட்டார்கள். அதற்குப் பிறகு அக்கவுன்ட்ஸ் ஆட்கள் தாங்களே கூப்பிட்டு உத்யம் சான்றிதழ் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். பில்லில் அந்த எண்ணைப் போட்டதிலிருந்து ஷீட்டில் தேதிகளின் இடைவெளி நாற்பது நாளுக்குள் சுருங்கியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

பணம் கொடுப்பவரே வரியைப் பிடித்துக் கட்டிவிடும் டிடிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பில்லில் 40,000-க்கு 36,000 வந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று என்னிடம் ஓடி வந்தான். 10 சதவீதம் அவன் பானில் வரியாகக் கட்டப்பட்டு வருமான வரித் துறையின் வரிக் கணக்குப் படிவமான 26ஏஎஸ்ஸில் நின்றது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பி வரும் என்று காட்டிக் கொடுத்தேன். அவன் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

இந்த வழி யாருக்கு ஆகாது

இதை என் ஸ்டுடியோவில் படித்துக் காட்டியபோது, அங்கே இருக்கும் பெண் டிசைனர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "ராத்திரி ஒன்றரை வரைக்கும் திருவல்லிக்கேணி பிரஸ்ல நான் உட்கார முடியுமா சார்? ஹாஸ்டல் கேட் ஒன்பதரைக்கு மூடிருவாங்க." சரிதான். தம்பியின் அதிர்ஷ்டத்தில் பாதி, அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவன் நிற்க முடிந்தது. அவளுக்கு வேலை வந்த வழி ஒரு பள்ளி ஆண்டுமலர், அதைப் பார்த்த ஒரு பதிப்பாளர், அவர் கொடுத்த குழந்தைகள் புத்தகம் என்று பகல் நேரத்திலேயே போகிறது. மெதுவான வழி, ஆனால் இன்றும் வேலை வந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று, தம்பிக்கு அச்சு தெரியும். திரையில் மட்டுமே வேலை செய்து பழகியவர் அதே மானிட்டர் முன்னால் நின்றிருந்தால் கொம்பைக் கவனித்திருக்கலாம், நான்கு நிறக் கறுப்பைக் கவனித்திருக்க மாட்டார்.

இப்போது அவன் பிஹான்ஸ் பக்கத்தில் முதலில் தெரிவது 2022-ஆம் ஆண்டின் ஒரு தினசரி காலண்டர் தாள், பெரிதாக்கியது. உணவு டெலிவரி ஆப்பைக் காணோம். சனிக்கிழமை சாயங்காலம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரஸ்ஸுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறான்.

போன வாரம் என்னைக் கூப்பிட்டான். அந்த மருத்துவமனைக்காரர்கள் நெல்லூரிலும் ஒரு கிளை திறக்கிறார்கள், அதே கையேடு தெலுங்கில் வேண்டுமாம். எழுத்து உடைந்திருக்கிறதா இல்லையா என்றே தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றான். "தெலுங்கு படிக்கத் தெரிஞ்ச டிசைனர் யாராவது இருக்காங்களாண்ணே? மெயில்ல ரெண்டு பேர் வந்தாங்க, ரெண்டு பேருமே சாப்பாட்டு ஆப் அனுப்பியிருக்காங்க."